ஞாயிற்றுக்கிழமையை முன்கூட்டியே எழுதியவள்

அந்த மருத்துவமனையின் அறுபத்து நான்கு நர்சுகளில் யாருக்குக் காலை, யாருக்கு மாலை, யாருக்கு இரவு என்று டியூட்டிப் பட்டியல் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடம் நான்கு மாதமாக அதையே செய்கிறாள். எல்லோருக்கும் அவள் பட்டியலக்கா. கோபம் வந்தால் கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மருத்துவமனைக்கு இரண்டாவது கட்டடம் வந்தது. அதற்கும் பட்டியல் போட முடியுமா என்று இருபத்தெட்டாம் தேதிக்குள் சொல்லும்படி மேட்ரன் கேட்டிருந்தார். சரி என்றால் உடம்பு தாங்காது. முடியாது என்றால் இத்தனை வருடம் உழைத்துவிட்டுக் கடைசியில் ஆகாதவள் என்ற பேர் மிஞ்சும். அந்தச் சமயத்தில் ஊழியர்களுக்காக வாழ்க்கைப் பயிற்சியாளர் ஒருவரை நிர்வாகம் ஏற்பாடு செய்தது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். முடிவை அந்த அம்மாளே எடுத்துக் கொடுத்துவிட்டால் தலைவலி தீர்ந்தது என்று நினைத்தாள்.

மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. இரண்டாவது மாடி அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு சுவர்க்கடிகாரமும்தான் இருந்தன.

"நான் டாக்டர் இல்ல," என்றார் பயிற்சியாளர். "இதைப் பண்ணுங்க, அதைப் பண்ணாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். கேள்வி கேப்பேன், பதில் உங்களோடது. ஆறு சனிக்கிழமை, ஒவ்வொரு தடவையும் ஐம்பது நிமிஷம். இங்க பேசுறது மேட்ரன் காதுக்குப் போகாது."

"அப்போ அந்தக் கட்டடத்தை ஏத்துக்கறதா வேண்டாமான்னு யாரு சொல்றது?"

"நீங்கதான்."

"அதுக்கு நான் ரெண்டு மாடி ஏறி வரணுமாங்க?"

பயிற்சியாளர் சிரித்தார். பிறகு ஏழு நாளும் மணிக்கணக்கில் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். திங்கள் முதல் ஞாயிறு வரை எந்த நேரத்தில் என்ன செய்தாள் என்று அதில் எழுதவேண்டும்.

வீட்டில் கணவர் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"என்னையே திருப்பிக் கேக்கறாங்க."

"அதைத்தானே நானும் தினம் பண்றேன். எனக்கு யாரும் நாற்காலி போட்டுத் தரலையே!"

அடுத்த சனிக்கிழமை தாளை நீட்டினாள். அடித்தல் திருத்தல் இல்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஓய்வுன்னு போட்டிருக்கீங்க. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. கொஞ்ச நேரம் படுத்தேன்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

அவள் நாள்காட்டியைப் பார்த்தாள். பத்தாம் தேதி, சனிக்கிழமை. அந்த ஞாயிறு இன்னும் விடியவே இல்லை. முகம் சூடேறியது. திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கே வாரம் முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்பியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த வாரம் என்பது முன்கூட்டியே எழுதி ஒட்டுவதுதான்.

"இப்படித்தாங்க கை பழகிப்போச்சு," என்றாள் மெதுவாக.

"இந்தத் தடவை நடந்ததை எழுதுங்க. அழகா இருக்கணும்னு இல்ல."

பதினேழாம் தேதி அவள் கொண்டுவந்த தாள் கசங்கியிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை எழுதிய எல்லாக் கட்டத்திலும் அடித்தல். அவளே படித்தாள். அந்த ஐந்து நாளில், வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு வந்த போன்கள் முப்பத்தொன்று. எல்லாமே ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லி. ஓய்வு ஒரே ஒரு தடவை: வியாழக்கிழமை, மாடிப்படியில் உட்கார்ந்து, பதினொரு நிமிடம்.

"ரெண்டாவது கட்டடமும் சேர்ந்தா இந்தத் தாள் எப்படி இருக்கும்?"

அவள் தாளை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"முடியாதுங்க," என்றாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"யார்கிட்ட சொல்லணும்? எப்போ?"

"மேட்ரன்கிட்ட. திங்கக்கிழமை, ஒன்பதரைக்கு."

"என்னை மேட்ரன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லிப் பாருங்க."

மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை ஐந்து மன்னிப்பு இருந்தது, மூன்றாம் தடவை ஒன்று.

திங்கட்கிழமை ஒன்பது முப்பத்தைந்துக்கு மேட்ரன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "உன்னை நம்பித்தானேம்மா இருந்தேன்?"

"இந்தக் கட்டடத்துக்கு நம்பலாம், மேடம். அதுக்கு மேல என்னால முடியல, மன்னிச்சுக்குங்க. இன்னொண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஷிப்ட் மாத்தணும்னா அந்தந்த வார்டு பொறுப்பாளரே பாத்துக்கட்டும்."

"இதெல்லாம் அந்தப் பயிற்சியாளரம்மா சொல்லிக் கொடுத்ததா?"

"எங்க மேடம்! அவங்கதான் எதையுமே சொல்ல மாட்டேங்கறாங்களே."

மேட்ரன் பெருமூச்சு விட்டார். "வேற ஆள் பாக்கறேன். போன் விஷயத்தை ஒரு மாசம் பண்ணிப் பாப்போம்."

அன்று மாலை ஆறு பன்னிரண்டுக்குப் போன் அடித்தது. அவள் கை தானாக எழுந்து பாதி வழியில் நின்றது.

"எடுக்கலையா?" என்றார் கணவர்.

"வார்டுல பாத்துப்பாங்க."

ஒன்பது தடவை அடித்து ஓய்ந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷமெல்லாம் ஒன்றும் வரவில்லை. பத்தொன்பது வருட அசதி, இதுவரை தன் முறைக்காகக் காத்திருந்ததுபோல் மொத்தமாக வந்து இறங்கியது. அவர் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். மடியில் புதுத் தாள். திங்கட்கிழமைக் கட்டத்தில், 'மாலை 6.12. போன். எடுக்கவில்லை' என்று எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமையில் ஒன்றும் எழுதவில்லை.