மதினி வாங்கிய கப் மெஷின்

செம்பட்டை மீசையோடு என் அண்ணன் சிரிக்கும் ஒரு பீங்கான் கப், மதினி வீட்டு அடுப்படியில் இன்றைக்கும் இருக்கிறது. அண்ணனுக்குக் கருகருவென்ற மீசை. கப்பில் மட்டும் அது காவி நிறத்தில், முகமும் வெளிறிப்போய், பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி இருப்பான். அதை யார் பார்த்தாலும் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் கழுவும்போது கைநழுவிவிடக் கூடாதே என்று பயந்து பயந்துதான் கழுவுவேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாங்கள் மூன்று பேரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறையில் இருந்தோம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அண்ணனுக்கு ஒரு ஃபாக்டரி, எனக்கு ஒன்று, மதினிக்கு ஒன்று. மதினியின் காண்ட்ராக்ட் முடிந்ததும் திரும்ப எடுக்கவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு அண்ணன் சொன்னான்: "நீ ஊருக்குப் போயிரு. நான் மாசாமாசம் வந்து பாக்கேன்." மதினி சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். "கல்யாணம் முடிச்சது மாசத்துக்கு ஒருநாள் பாக்கதுக்கா? ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள நான் ஒரு வழி பண்ணலன்னா நானே பஸ் ஏறுதேன்" என்றாள். அந்த அறையில் அவள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வோம்?

கப்பில் போட்டோ போட்டுக் கொடுப்பது அப்போது புதிதாக வந்திருந்தது. அதைத்தான் மதினி பிடித்துக்கொண்டாள். படத்தை அதற்கென்று உள்ள மையில் தாளில் அச்சடித்து, மேல்பூச்சுள்ள கப்பில் சுற்றி, நன்றாகச் சூடேற்றினால் படம் கப்பில் ஏறிக்கொள்ளும். தாளை அச்சடித்துத் தர ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோக்காரர் ஒப்புக்கொண்டார். சூடேற்ற எதை வாங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை. ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கப் வேகிற ஓவன்தான் வேண்டும் என்றான் அண்ணன். நானும் அவன் கட்சி. ஓவன் வந்தால் கேக்கும் சுடலாமே என்று எனக்கு ஒரு நப்பாசை.

பாரிமுனைக் கடையில் எல்லாவற்றையும் காட்டினார்கள். மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணாச்சி, நடுவுல கரண்டு போச்சுன்னா?" கடைக்காரர் சிரித்தார். "ஓவன்ல கீற அத்தினியும் அம்பேல்மா. இந்தச் சின்ன பிரஸ்ல ஒரு கப்புதான் வெக்க முடியும். போனா அந்த ஒண்ணுதான் போவும்." மதினி அந்தச் சின்ன பிரஸ்ஸைத் தொட்டுப் பார்த்து, "இதக் கட்டுங்க" என்றாள். வரும் வழியெல்லாம் அண்ணன் முறுமுறுத்தான். மதினி மடியில் இருந்ததைப் பொம்மை என்றான். கேக் போன கடுப்பில் நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த வில்லங்கம். வீட்டுக்கார அம்மா வாசலை மறித்தாள். "இன்னாம்மா இது? இஸ்திரிப் பொட்டியே வெக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறேன், நீ இன்னாடான்னா மெஷினே தூக்கினு வர்ற?" மதினி பேச்சை வளர்க்கவில்லை. அந்த அம்மாவை மீட்டர் முன்னால் நிற்க வைத்துவிட்டுப் பிரஸ்ஸைப் போட்டாள். மீட்டர்ச் சக்கரம் சோம்பலாக நகர்ந்தது. பிறகு, "இப்ப உங்க தண்ணி மோட்டாரப் போடுங்கம்மா" என்றாள். சக்கரம் பறந்தது பாருங்கள்! வீட்டுக்கார அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இம்மாத்தூண்டுதான் இழுக்குது. சரி, போட்டுக்கோ. என் பேரன் மூஞ்சிய ஒண்ணுல போட்டுக் குடுத்துரு."

முதல் கப்பில் அண்ணன் படம். வெந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. செம்பட்டை மீசை அப்படித்தான் வந்தது. "பாத்தியா, ஆரம்பமே வெளங்கல" என்றான் அண்ணன். மதினி துளியும் அசரவில்லை. "ஒண்ணுதான போச்சு?" என்று அடுத்த கப்பை எடுத்தாள்.

ஆயுத பூஜைக்கு ஃபாக்டரியில் அண்ணனுடைய லைனில் எல்லோருக்கும் குரூப் போட்டோ போட்ட கப் கொடுக்கலாம் என்று சூப்பர்வைசர் சொன்னபோது, ஆர்டர் மதினிக்கு வந்தது. பூஜைக்கு முந்தின நாள் பார்த்துக் கரண்ட் போவதும் வருவதுமாகக் கூத்தடித்தது. ஒவ்வொரு முறை விளக்கு அணையும்போதும் மதினி உள்ளேயிருந்து, "ஒண்ணுதான் போச்சு!" என்று குரல் கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கார அம்மாவும் மாடியிலிருந்து சேர்ந்து கத்த ஆரம்பித்தாள். நான் தாளைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். சாயங்காலம் அட்டைப்பெட்டிகள் நிறைந்துவிட்டன. ஓவனாக இருந்திருந்தால் அன்றைக்கே மதினிக்கு பஸ் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் பூஜை முடிந்து அண்ணன் திரும்பியபோது கையில் பெட்டி எதுவும் இல்லை. எல்லாக் கப்பையும் கொடுத்தாயிற்று, பக்கத்து லைன்காரர்களும் கேட்கிறார்கள் என்றான். பிறகு குங்குமச் சிமிழை எடுத்து, தான் பொம்மை என்று சொன்ன அந்தப் பிரஸ்ஸுக்கு அவனே பொட்டு வைத்தான். மதினி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது, அடித்தேன்.

இப்போது ஒரகடம் சாலையில் மதினிக்குச் சொந்தக் கடை. பெரிய ஓவனும் இருக்கிறது, அதற்கு ஜெனரேட்டரும் இருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் காலைக் காபி அந்தச் செம்பட்டை மீசைக் கப்பில்தான். போன வாரம் நான் போயிருந்தபோது மதினி சலித்துக்கொண்டாள்: "நல்லதா ஒண்ணு போட்டுத் தாரேன், அதத் தூரப் போடுங்களேன்." அண்ணன் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மீசை நிஜமாகவே நரைத்துவிட்டது அவனுக்கு.

"மொத நாள் போனது இது ஒண்ணுதான். நீ ஊருக்குப் போகலைல்லா? இருக்கட்டும்."