கொழுக்கியில் பூசிய ரப்பர் பால்

என் மகளுக்கு மோட்டார் காரின் பெட்ரோல் வாடை ஒத்துக்கொள்ளாது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகக் கேகாலைக்குக் காரில் கொண்டுபோனோம். முதல் வளைவிலேயே குடித்த பாலைக் கக்கத் தொடங்கினாள். போய்ச் சேர்ந்தபோது கண் செருகி, நனைந்த துணியைப் போல என் தோளில் கிடந்தாள். அன்றிலிருந்து அவளை நான் காரில் ஏற்றவேயில்லை.

அதனால்தான், அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த என் கணவருக்கு நிவித்திகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தபோது, சந்தோஷத்துக்கு முன்னால் எனக்கு வந்தது அந்த நீண்ட பாதையின் பயம்.

வழி ஒன்று தானாகவே அமைந்தது. சீமைக்குத் திரும்பிப்போன எங்கள் தோட்டத்துப் பழைய துரை, காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சின்ன வீடு போன்ற ஒரு வண்டியைச் செய்து வைத்திருந்தார். பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே படுக்க இரண்டு பலகைக் கட்டில்கள். அதை நாங்கள் போகவிருந்த தோட்டத்துத் துரை வாங்கியிருந்தார். கொண்டுபோய் ஒப்படைக்கும் பொறுப்பு என் கணவருக்கு. சோதனைக்காக ஒருநாள் தோட்டத்துப் பாதையில் என்னையும் குழந்தையையும் அதில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சன்னல் காற்றில் பிள்ளை கக்கவுமில்லை, அழவுமில்லை, தூங்கிப்போனாள். நானும் அவளும் அந்தப் பின்வண்டியில் வருவதென்று முடிவாயிற்று.

முடிவானதும் எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. அத்தனை மலை வளைவுகளிலும் எங்களைக் காரோடு சேர்த்துப் பிடித்திருக்கப்போவது ஒரேயொரு இரும்புக் கொழுக்கி.

அந்தக் கொழுக்கி துருப்பிடிக்காமல் இருக்க, மழைக்காலம் தொடங்கும் முன்பே என் கணவர் அதற்கு ரப்பர் பால் பூசியிருந்தார். அந்தத் தோட்டத்தில் எதற்கும் மருந்து ரப்பர் பால்தான். குடை ஓட்டையா, சப்பாத்தின் அடித்தோல் கிழிசலா, கூரை ஒழுக்கா, ஸ்டோரிலிருந்து ஒரு சிரட்டை பால் கொண்டுவந்து பூசிவிடுவார்கள். என் கணவர் கொழுக்கிக்கும், அதைத் தாங்கும் நீண்ட இரும்புச் சட்டத்துக்கும் மூன்று பூச்சுப் பூசியிருந்தார். காய்ந்ததும் அது தேன் நிறத் தோலாகப் பளபளத்தது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

ஒரு மழை விட்ட காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக் கொட்டகைப் பக்கம் போனேன். கொழுக்கியின் அடியில், ரப்பர் தோல் முடிகிற இடத்திலிருந்து, வெற்றிலை எச்சில் போல ஒரு செந்நிறக் கோடு கசிந்திருந்தது. தோலை விரலால் அமுக்கினேன். உள்ளே தண்ணீர் நகர்ந்தது.

நான் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இரும்புச் சட்டியைக் கழுவினால் அடுப்பில் வைத்து ஈரம் போக்கிய பிறகுதான் எண்ணெய் தடவ வேண்டும் என்று அங்கே சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் சட்டிக்குச் சொன்னது வண்டிக்கும் ஆகுமா? அவர் யோசிக்காமலா செய்திருப்பார்? அவர் ஆசையாகச் செய்த வேலையில் நான் குற்றம் சொன்னால் நன்றாக இருக்குமா? சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். சோறு பரிமாறும்போதுதான் வாய் திறந்தது.

"என்னங்க, அந்தக் கொழுக்கிய ஒரு தடவ பிரிச்சுப் பார்த்தா என்ன?"

"எதுக்கு?"

"உள்ளுக்குத் தண்ணி நிக்கிற மாதிரி இருக்குங்க."

"அது ரப்பரு. தண்ணி எப்படி உள்ள போகும்?"

"போகாதுங்க. அதே மாதிரி உள்ள இருக்கிறது வெளியேயும் வராதே."

அவர் சிரித்துவிட்டு மோர் கேட்டார். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் பக்கத்து வீட்டில் இருந்தார்; அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அக்காவுக்கு வாய் துடுக்கு. "நீ படிச்சது போதாதுன்னு இப்ப இரும்புக்கும் வைத்தியம் பார்க்கிறியா? பேசாம புள்ளைய மடியில போட்டுக்கிட்டுக் கார்லயே போ. ரெண்டு துணி கூட எடுத்துக்க, வாந்தி துடைக்க" என்றார்.

அவர் கேலிக்குச் சொன்னதை நான் அன்று மாலை கணவரிடம் நிஜமாகவே சொன்னேன். "வண்டி காலியாவே பின்னால வரட்டுங்க. நானும் பாப்பாவும் கார்ல வர்றோம். அவ கக்கினா துடைச்சுக்கிறேன்." கோபமாகச் சொல்லவில்லை. அவர் என் முகத்தையும் தூளியையும் மாறி மாறிப் பார்த்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

தோலை நீளவாக்கில் கீறியதும் பழுப்பு நீர் அவர் புறங்கையில் வழிந்தது. புளித்த வாடை அடித்தது. அவர் முகர்ந்து பார்த்தார். "தொட்டியில ஆசிட்டு கலந்த பிறகு மொண்டிருக்காங்க" என்றார். பால் உறைவதற்காக ஊற்றும் ஆசிட். அது உள்ளே இரும்போடு அடைபட்டுக் கிடந்திருக்கிறது. தோலை உரிக்க உரிக்க இரும்பு செதில் செதிலாகச் சேர்ந்து வந்தது. நான் சொன்னது சரியாகப் போயிற்றே என்று அப்போது தோன்றவேயில்லை. பொய்யாகப் போயிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

மறுநாள், எங்கள் பயணத்துக்குக் கார் ஓட்டவிருந்த நானா வந்தார். வாடகைக் கார் வைத்திருந்த முஸ்லிம் மனிதர்; அண்ணன் முறையில் நானா என்போம். உரித்த இடத்தைப் பார்த்துவிட்டு, "கிளாக்கரய்யா, இரும்புக்கு மழைக்கோட்டு போடச் சொன்னா நனஞ்ச சட்டைக்கு மேலயா போடுவாங்க?" என்றார். என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

இருவருமாகக் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினார்கள். நானா ஒரு சின்னச் சுத்தியலால் சட்டத்தை நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீரென்று கேட்டது. கொழுக்கியிலும் அதே சத்தம். ஆனால் கொழுக்கியைக் காரோடு பூட்டும் ஆணியைத் தட்டியபோது மட்டும் சத்தம் செத்துக் கேட்டது. இன்னும் ஓங்கி ஒரு தட்டு. ஆணி நடுவில் முறிந்து கீழே விழுந்தது.

நானா குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தார்.

"தங்கச்சி," என்றார் நானா, "கொழுக்கி நல்லா ஈக்குது. சட்டமும் நல்லா ஈக்குது. தோல்தான் போயிருக்கு. இந்த ஆணிதான் சதி பண்ண இருந்தது. இது இங்கயே ஒடஞ்சது அல்லாஹ்வோட காவல்."

புது ஆணி கேகாலைக் கொல்லுப்பட்டறையில் அடிக்கச் சொன்னார்கள். கொழுக்கி விட்டாலும் வண்டி விலகாமல் இருக்க ஒரு சங்கிலியும் சேர்த்துக் கேட்டேன். அந்தச் சங்கிலிக்கும் இன்னொரு சங்கிலி வேண்டுமோ என்று நினைத்தேன், கேட்கவில்லை.

விடாத மழையில் இரும்பை எங்கே காய வைப்பது என்ற கேள்வி வந்தது. வழி சொன்னவர் என் கணவர்தான். கொழுக்கியையும் முன்சட்டத்தையும் கழற்றி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில், ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். துணி காயப்போட்ட கொடியில் யாரோ இரும்பை மாட்டியது போல இருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பெரிய ஆறுதல். என்மேல் வருத்தம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். வண்டியோடு நின்ற சட்டத்தின் கீழே கரி நெருப்புச் சட்டி வைத்து ஈரம் போக்கினோம். புகைக்கரியை மண்ணெண்ணெயால் துடைத்து, சிவப்பு ஈயப் பூச்சு அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். உராயும் இடத்தில் மட்டும் பெயின்ட் இல்லாமல் கிரீஸ். இடையிடையே நான் விரலால் தொட்டுப் பார்த்துப் பூச்சில் ரேகை பதித்துவிட்டேன். என் கணவர் அதன்மேல் மறுபடி தூரிகையை இழுத்தார். திட்டவில்லை.

புறப்பட்ட அன்று குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, இரு பக்கமும் தலையணை அடைத்து, கதவைச் சாத்தினேன். ருவன்வெல்லையில் வண்டி நின்றதும் முதல் வேலையாக இறங்கி ஆணியைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்து உறுதியாக இருந்தது. அவிசாவளையிலும் இறங்கினேன்.

"தங்கச்சி, அது எங்கயும் ஓடிப் போகாது," என்றார் நானா.

"போகாதுன்னு தெரியும் நானா. சும்மா பார்க்கிறேன்."

"பாருங்க, பாருங்க. பார்த்தா தேஞ்சா போகும்."

அதன் பிறகு பாதை களுகங்கை ஓரமாகப் போயிற்று. பிள்ளை என் கையில் விரலைச் சுற்றிக்கொண்டு தூங்கினாள். காலையில் குடித்த பால் அவள் வயிற்றிலேயே இருந்தது. சங்கிலி மட்டும் மெல்லக் கிணுகிணுத்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன், நின்றுவிட்டால் உடனே தெரியட்டும் என்று.

இரத்தினபுரியில் தேநீருக்காக வண்டி நின்றதாம். நான் இறங்கவில்லை. கணவர் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். தாயும் பிள்ளையும் ஒரே கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தோமாம். எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டு, எனக்குப் பதிலாக அவரே போய் ஆணியைத் தொட்டுப் பார்த்தாராம். பிறகு நானாதான் சொன்னார்.