விமானத்தின் மூக்கில் ஊதுபத்தி

கல்லூரியில் நான் மாணவர் படையின் விமானப் பிரிவில் கேடட்டாகச் சேர்ந்த அன்றே, குரோம்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க என்னைப் பைலட் ஆக்கிவிட்டார் அப்பா. மாவு மில்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஓட்டப்போவது கிளைடர், அதற்கு இன்ஜின் கிடையாது, கம்பி கட்டி இழுத்து மேலே விடுவார்கள், பிறகு காற்றில் மிதந்து தானாக இறங்கும் என்றெல்லாம் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எதிர்வீட்டு அக்காதான் விடாமல் கேட்டார். "இன்ஜின் இல்லாம எப்படிம்மா? பாதியில நின்னுட்டா?"

அந்தக் கிளைடர் எங்கள் சீனியர்களுக்கெல்லாம் சீனியர். துணி போர்த்திய மர இறக்கை, இரண்டு இருக்கை, வயிற்றுக்கடியில் ஒரே ஒரு சக்கரம். தாம்பரம் மைதானத்தில் ஒரு கோடியில் கிளம்பி, சில நிமிடத்தில் மறுகோடியில் இறங்கிவிடும். அங்கிருந்து அதைத் திரும்பக் கொண்டுவருவது கேடட்டுகளின் வேலை. ஒருவர் பறக்க, மற்ற எல்லோரும் தள்ளுவோம். பறக்கும் முறை சீனியாரிட்டிப்படி எப்போதாவது வரும். தள்ளும் முறை தினமும் வந்தது. வருடக்கணக்கில் தள்ளிக் கறுத்துப்போனேன். "சூரியன் பக்கத்துல போறா இல்ல, அதான்" என்று அப்பா தெருவுக்கு விளக்கம் சொன்னார்.

கடைசி முகாமின் கடைசி நாளில் என் முறை வந்தது. அன்று விஜயதசமி. "புதுசா ஒண்ணைத் தொடங்க இதைவிட நல்ல நாள் ஏது" என்று அப்பா பூரித்துப்போனார். மொட்டைமாடியில் நிற்பேன், மேலே வந்ததும் கீழே பார் என்றார். குரோம்பேட்டை வரைக்கும் அது வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தூரத்திலாவது எங்கள் பக்கத்து மாடிகளை மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

முந்தின நாள் ஆயுத பூஜை. கிளைடருக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. சக்கரம் ஒன்றே என்பதால் எலுமிச்சம்பழமும் ஒன்றே. முகாம் அதிகாரி சாரே முன்னின்று நடத்தினார். கிளைடரின் மூக்கில் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நுழையும் காற்றை வைத்துத்தான் உள்ளே வேகம் காட்டும் முள் நகரும். இதை எங்களுக்குப் பாடம் எடுத்தவரும் அதே சார்தான். ஆனால் பூஜை என்று வந்துவிட்டால், நம்மவர்கள் கண்ணுக்கு எந்த ஓட்டையும் ஊதுபத்தி செருகுவதற்குத்தான். ஒன்றுக்கு இரண்டாகச் செருகிக் கும்பிட்டார்.

மறுநாள் காலை நான் பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகு, பயிற்சியாளர் அந்தக் குழாயைச் சோதித்தார். குச்சி உள்ளே ஒடிந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஹேர்பின்னைக் கழற்றிக் கொடுத்தேன். அது குச்சியை இன்னும் உள்ளே அனுப்பி வைத்தது. வேகம் தெரியாமல் பறக்க முடியாது, இறங்கு என்றுவிட்டார்.

"இதுல ஊதுபத்தி சொருகின அறிவாளி யாரு?"

நாங்கள் அத்தனை பேரும் குனிந்து எங்கள் பூட்ஸைப் பார்த்தோம். அதிகாரி சார் கடும் கோபத்துடன், இதைத் தானே நேரடியாக விசாரிக்கப்போவதாக அறிவித்தார். கிளைடரைக் கொட்டகைக்குத் தள்ளச் சொன்னார். அழுதுகொண்டே தள்ளினேன். வியர்வையோடு வியர்வையாக அது யாருக்கும் தெரியவில்லை.

போனை முகாமில் வாங்கி வைத்திருந்ததால் வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. நான் வந்து சேர்ந்தபோது அப்பா எதிர்வீட்டு அக்காவோடு வாசலில் நின்றிருந்தார்.

"பார்த்தேம்மா. சத்தமே இல்ல. நம்ம மாடிக்கு மேல ரெண்டு சுத்து சுத்தினே. நான் துண்டை ஆட்டினேன், நீயும் லேசா சாஞ்சு காட்டினே."

"அது பருந்துப்பா. நான் பறக்கவே இல்ல."

அப்பா அக்காவிடம் திரும்பினார். "பாருங்க, எவ்வளவு அடக்கம்."

இப்போது அந்தக் கிளைடருக்கு ஓய்வு கொடுத்து, பெயின்ட் அடித்து, கல்லூரி வாசலில் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இதில் வானத்தை அளந்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. தரையை அளந்தவர்களுக்கு ஒரு வரி இல்லை. போன வாரம் அந்த வழியாகப் போகும்போது, அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி வாட்ச்மேனிடம், "என் பொண்ணு ஓட்டின ப்ளேன்" என்றார்.

வாட்ச்மேன் ஒரு சுற்று வந்து பார்த்தார். "இன்னா சார், இன்ஜினே காணோம். இது எப்டி போவும்?"

"இன்ஜின் எதுக்குப்பா? அதான் என் பொண்ணு இருந்தாளே."

அப்பா என்னைப் பற்றி ஊரில் சொன்னவற்றில் முழு உண்மை இது ஒன்றுதான். இந்த முறை நான் மறுக்கவில்லை.