புள்ளிக்கு ரெண்டு விசில்

ஊரில் யார் நாய் வாங்க நினைத்தாலும் முதலில் வந்து நிற்பது விசில்காரர் வாசலில்தான். நாய் பழக்குவது அவர் தொழில். குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேட்டை நாயா என்று முகம் சுளிப்பவர்களை உட்காரவைத்துப் பேசுவார்.

"காவலுக்குப் பொறந்த நாய் தானா முடிவெடுக்கும். வேட்டைக்குப் பொறந்தது மனுசன் முகத்தைப் பாத்துட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். லாப்ரடார் வாயில முட்டையைக் குடுங்க, உடையாம கொண்டாந்து தரும். பீகிளுக்குக் கூட்டம்னா உயிரு, உங்க பிள்ளைங்களையும் கூட்டத்துல சேத்துக்கும். என்ன, கொஞ்சம் ஊளை விடும். ஸ்பானியல் மடியை விட்டே எறங்காது." கடைசியில் விரலை ஆட்டிச் சொல்வார்: "ஆனா வீட்ல இருக்கிற எல்லார் கையாலயும் அது சாப்பிடணும். இல்லேன்னா அது வீட்டு நாய் இல்ல, ஒத்த ஆளோட நாய்."

ஊருக்குத்தான் உபதேசம். அவருடைய சொந்த நாய் புள்ளி ஒரு பாயின்டர். பறவை வாசனை பட்டால் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சிலையாக நிற்கும் சாதி அது. வேட்டைக்காரன் விசில் ஊதும்வரை அசையாது. அந்தக் குணத்தை மனிதர் சோற்றுக் கிண்ணம்வரை கொண்டுவந்துவிட்டார். அவர் ரெண்டு சின்ன விசில் ஊதினால்தான் புள்ளி வாய் வைக்கும். வந்தவர்களுக்கெல்லாம் இந்த வித்தையைக் காட்டி மீசையைத் தடவிக்கொள்வார். கழுத்துக் கயிற்றில் தொங்கிய, மாட்டுக்கொம்பில் செய்த அந்த விசிலை வேறு ஒருவரும் தொடக்கூடாது.

"நான் ஒரு தடவ ஊதிப் பாக்கறேனே" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி போடுகிறவள் அவள். அங்கே எல்லோருக்கும் இஸ்திரியக்கா.

"உனக்குத்தான் இஸ்திரிப் பெட்டி இருக்கே. புஸ்ஸு புஸ்ஸுன்னு நல்லா ஊதுமே" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். உள்ளே சுருக்கென்றது.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து சுவரோரக் கட்டிலில் கிடத்தியபோது அவருடைய இடது கை நெஞ்சின்மேல் விசிலைத்தான் தேடியது. பாவம், ஆசைப்படுகிறாரே என்று இஸ்திரியக்காவே அதைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதற்காகப் பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

வேளாவேளைக்குக் கிண்ணத்தை வைப்பாள். புள்ளி காலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைப் பார்க்கும். அவர் விசிலை வாயில் வைத்து ஊதுவார். கோணிய உதட்டின் வழியே காற்றும் எச்சிலும்தான் வழியும். நாய் நடுங்கும், எச்சில் ஒழுகும், ஆனால் தொடாது. தரையில் சிந்தியதை மட்டும் நக்கிவிட்டுக் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பக்கத்துப் பள்ளி விளையாட்டு வாத்தியாரிடம் ஒரு விசிலை இரவல் வாங்கி ஊதிப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்குப் புள்ளி பீரோவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்ததுதான் மிச்சம்.

"அதுக்கு ஒரு நோயும் இல்ல. காத்துக்கிட்டிருக்கு" என்றார் கால்நடை டாக்டர்.

அவள் கட்டிலுக்கு வந்து கையை நீட்டினாள். "குடுங்க. நான் ஊதறேன்."

அவர் விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எழுந்து நடக்க முடியவில்லை, பேச முடியவில்லை, அந்தப் பிடியில் மட்டும் இரும்பு இருந்தது.

"இத்தனை வருசமா என் கைச் சோத்தைத் தின்னுச்சு. மரியாதை மட்டும் உங்க விசிலுக்கா? வைக்கப்போர் நாய் மாதிரி, தானும் ஊத முடியல, ஊதறவளுக்கும் விடல!" சொன்னதும் அவளுக்கே தாங்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். படுத்துக்கிடக்கும் மனிதரிடம் கோபப்படுகிறோமே என்று அழுகை, கோபப்படாமலும் இருக்க முடியவில்லையே என்று அழுகை.

மகன் ஒரு முடிவோடு வந்தான். கூடவே ஒரு பண்ணைக்காரர், வேட்டைப் பழக்கம் உள்ளவர்.

"அம்மா, நீ அப்பாவைப் பாப்பியா, நாயைப் பாப்பியா? நம்ம கண் முன்னாடியே சாகறதுக்கு இவர் பண்ணையில போய்ப் பொழைக்கட்டும்."

பண்ணைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "கூண்டு பெருசாவே போட்டிருக்கேன், ஐயா. ஆனா அந்த விசிலும் கூட வரணும். அது இல்லாம இதை நான் எப்படிச் சாப்பிடவைப்பேன்?"

விசில்காரர் அவரைப் பார்த்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். விசில் எப்படியும் கழுத்திலிருந்து இறங்கத்தான் போகிறது என்று புரிந்துகொண்டது அவர் முகத்தில் தெரிந்தது. இடது கையால் கயிற்றைத் தலைக்குமேல் தூக்கினார். காதில் மாட்டிக்கொண்டது. மகன் உதவப் போனான். அவள் தடுத்தாள். அவரே கழற்றி, நீட்டிய பண்ணைக்காரர் கையைத் தாண்டி, மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் கிண்ணத்தை வைத்தாள். முதல் ஊதலில் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. மறுபடி ஊதினாள், ரெண்டு சின்ன விசில், அச்சு அசலாக அவர் ஊதுவது போலவே. எத்தனை வருசமாகக் கேட்டது.

புள்ளி தூக்கிய காலை இறக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அவரைப் பார்த்தது.

இன்னொரு தடவை ஊதினாள். நாய் முனகியது, கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. "நான்தான் சொன்னேனேம்மா, இது இங்க பொழைக்காது" என்றான் மகன்.

அப்போது கட்டில் கிறீச்சிட்டது. விசில்காரர் இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, செத்துக்கிடந்த பாதி உடம்பையும் சேர்த்து இழுத்துப் புரண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். புள்ளிக்குப் பார்க்க இப்போது அவர் முதுகு மட்டும்தான் இருந்தது.

அவள் ஊதினாள்.

புள்ளி அந்த முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மெல்லக் காலைத் தரையில் வைத்தது. அவள் பக்கம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. கிண்ணத்தில் வாய் வைத்தது.

சாப்பிடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் தோள் குலுங்கியது. இஸ்திரியக்காவுக்கு ஓடிப்போய் அந்தத் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. தொட்டால் திரும்பிவிடுவார் என்று, கிண்ணம் காலியாகும்வரை விசிலைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.