சொக்கம்மாள் கட்டிய வேப்பிலை

ராயபுரம் குப்பத்தில் மீன் விற்கும் சொக்கம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். 1956இல் அவள் புருஷன் நீலமேகத்துக்கு ரத்தப் புற்று என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் அந்த வாய் முதன்முதலாக அடைத்துப்போனது.

கண்டபடி பெருகிய வெள்ளை அணுக்களைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். அது குறைத்தது, குறைத்துக்கொண்டே போய்விட்டது.

"மாத்திரைய நிறுத்தும்மா. நோய எதிர்க்க அவர் உடம்புல இப்ப ஆளே இல்ல. ஒரு சளி பிடிச்சாலும் தாங்கமாட்டாரு. வார்டுல ஆயிரம் நோய். வீட்டுலயே தனியா வை, அடுத்த வாரம் ரத்தம் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

குப்பத்தில் ஒருவனைத் தனியாக வைப்பதாவது! படுத்தவனைத் தெருவே வந்து கட்டிப்பிடித்து அழுதால்தான் மரியாதை. சொல்லிப் பார்த்தாள். "நாங்க இன்னா அந்நியமா?" என்று கோபித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். மறுநாள் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். அம்மை போட்ட வீடு என்று அர்த்தம். அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வேப்பிலைச் சேதி எட்டி, நீலமேகத்தை அம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார்ப்பரேஷன் சுகாதார ஆள் சுப்புராயன் வண்டியோடு வந்து நின்றார். அம்மை போட்டவர்கள் நடுவில் இந்த உடம்பு போனால் திரும்பாது. சொக்கம்மாள் வேப்பிலையைப் பிய்த்து எறிந்தாள்.

"அம்மை இல்ல சார், பொய் சொல்ட்டேன்!"

ஜன்னல் வழியே நீலமேகம் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். ஒரு கொப்புளம் இல்லை. சுப்புராயன் திட்டித் தீர்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

இது தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. அடுத்த வீட்டுக் குப்பம்மா "அண்ணே!" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடிவந்தாள், பின்னால் ஒரு கூட்டம். சொக்கம்மாள் மீன் வெட்டும் கத்தியோடு வாசலை மறித்தாள்.

"கிட்ட வந்தீங்க, வெட்டிடுவேன்! அவராண்டயிருந்து உங்களுக்கு ஒண்ணும் ஒட்டாது. உங்களாண்டயிருந்துதான் அவருக்கு ஒட்டும். ஆளு உசுரோட வேணுமா, வாணாமா?"

குப்பம்மா அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். அதன்பிறகு குப்பமே தெருவில் நின்று கத்திக் கத்தித்தான் நலம் விசாரித்தது. நடுவில் ஒருநாள் நீலமேகம் இருமினான். அன்றைக்குச் சொக்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் ரத்தம் பார்த்தார்கள். அணுக்கள் ஏறத் தொடங்கியிருந்தன. டாக்டர் காகிதத்தைக் காட்டி ஏதேதோ எண்கள் சொன்னார். சொக்கம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"இனிமே நான் அவரத் தொடலாமா சார்?"