போன தடவை அளவு

தையற்கடை மாஸ்டருக்கு ஒரு பழக்கம். சட்டை தைக்க யார் வந்தாலும், கழுத்தில் கிடக்கும் டேப்பை எடுத்து, நுனியிலிருந்து நுனிவரை விரலிடுக்கில் ஒருமுறை உருவி, முறுக்கை நீக்குவார். பிறகு அளவு நோட்டில் புதுப் பக்கம் புரட்டுவார். அந்த ஆளின் பழைய அளவு நாலு பக்கம் தள்ளித்தான் இருக்கும். அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். தோள், மார்பு, இடுப்பு, கை. ஒவ்வொன்றையும் அளந்து, வாய்விட்டுச் சொல்லி, காதில் செருகிய பென்சிலை எடுத்து எழுதி, மறுபடி செருகிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு இது ஓயாத வேடிக்கை.

“மாஸ்டர், போன மாசம்தானே அளந்தீங்க? அதுக்குள்ள நான் என்ன கொடி மாதிரி படர்ந்துட்டேனா?”

“போன மாசம் வந்தவர் வேற. கையைத் தூக்குங்க.”

“வேறயா? அப்போ நேத்து வீட்டுல திட்டு வாங்கினது யாரு?”

“அது நீங்கதான். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. தொப்பை எங்கேயும் ஓடிப்போயிடாது.”

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை இதே மாஸ்டர் டேப்பை அழகுக்குத்தான் போட்டிருந்தார். கண்ணளவுக்காரர் என்று பெயர். ஆள் படியேறி வரும்போதே தோள் பதினேழு, கை இருபத்துநாலு என்று சொல்லிவிடுவார். சொன்னது இம்மி பிசகாது. அந்தப் பெருமையிலேயே இருபது வருஷம் ஓடிவிட்டது.

அதற்கும் முன்னால், மகன் சின்னப் பையனாக இருந்தபோது, வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளிச் சட்டைக்கு அவனை அளப்பார். மாஸ்டருக்குக் கொஞ்சத் தெரியாது. மார்பளவு எடுக்க அவருடைய இரண்டு கையும் சுற்றிவரும்போது பையன் அசையாமல் நிற்பான். மற்ற நேரம் ஓரிடத்தில் நிற்காத வால். பிறகு கண்ணே போதும் என்றாகிவிட்டது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகன் ஆறு வருஷம் கழித்துப் பத்து நாள் லீவில் வருகிறான் என்றதும் மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல சாம்பல்நீலத் துணியாக எடுத்து, மனசில் இருந்த அளவை வைத்தே வெட்டித் தைத்து, தேய்த்து வைத்துவிட்டார். வந்த அன்று சாயங்காலம் சட்டையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். பெட்டியைத் திறந்து எதையோ எடுக்கக் குனிந்திருந்தவன், அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“போட்டுப் பாரு. உன் அளவு எனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும்.”

மகன் சட்டையைப் பார்த்தான். பெட்டியை மூடினான். போட்டுக்கொண்டான்.

“சரியா இருக்குப்பா.”

பத்து நாளும் அப்படித்தான். அவனுக்குப் பிடிக்கும் என்று டீயில் மூன்று கரண்டி சர்க்கரையை அவரே போட்டுக் கொடுத்தார். ஜன்னலோரக் கட்டில் அவனுக்குப் பிடிக்கும் என்று அங்கேயே படுக்க வைத்தார். அவன் குடித்தான், படுத்தான், போய்விட்டான்.

விமான நிலையத்தில் எடுத்த படத்தை மனைவி போனில் காட்டினாள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவன் போட்டிருந்த அந்தச் சாம்பல்நீலச் சட்டையின் தோள் தையல் இரண்டு விரற்கடை கீழே இறங்கிக் கிடந்தது. காலருக்குள் ஒரு கையே போகும்.

“என்ன இவன், இப்படி இளைச்சுப்போயிருக்கான்?”

“வந்த அன்னிக்கே அப்படித்தான் இருந்தான். சர்க்கரையை விட்டும் ரெண்டு வருஷமாச்சு. உங்களுக்காகக் குடிச்சான்.”

பத்து நாள் கண்ணெதிரே நடமாடியவனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் கடையில் செய்தித்தாளை விரித்து, தொழில் பழகிய நாளில் செய்ததுபோல், காகிதத்தில் ஒரு சட்டை வெட்டிப் பார்த்தார். கை பொருத்தும் வளைவு கோணிக்கொண்டு போயிற்று. இன்னொரு தாள் விரித்தார். அன்று சாயங்காலம் வீட்டில் டீ போடப் போனவர் மனைவியிடம் கேட்டார்:

“உனக்குச் சர்க்கரை எவ்வளவு?”

“என்னங்க, நேத்துதான் குடி வந்தீங்களா?” என்று சிரித்தவள், டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, “அரைக் கரண்டி போதும்” என்றாள். முப்பது வருஷமாக அவர் போட்ட இரண்டு கரண்டியைக் குடித்து வந்தவள்.

மகனிடம் போனிலும் இப்போது கேள்விதான்.

“தோள் எவ்வளவுடா இருக்கும்?”

“தெரியலையேப்பா. இங்க எல்லாம் கடைச் சட்டைதான். மீடியம்னு போட்டிருக்கும்.”

“மீடியம்கிறது ஒரு அளவா? வா, நான் எடுக்கறேன்.”

“லீவு கிடைக்கணும்பா.”

லீவு இன்னும் கிடைக்கவில்லை. புது அளவு நோட்டு எடுக்கும்போதெல்லாம் மாஸ்டர் முதல் பக்கத்தை அவனுக்கு ஒதுக்குகிறார். தோள், மார்பு, இடுப்பு, கை என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விடுகிறார். இது மூன்றாவது நோட்டு.

போன மாதம், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி, சொல்லக்கூடாது என்று மகன் வாங்கியிருந்த சத்தியத்தை மீறி ஒரு விஷயம் சொன்னாள். அந்தத் தடவை அங்கிருந்து ஊருக்கு வரக் கிளம்புமுன், அப்பாவிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும் என்று, கடைகடையாய் ஏறி இரண்டரை மீட்டர் வெள்ளைத் துணி வாங்கி வந்திருந்தானாம். அது மடிப்புக் கலையாமல் அதே பெட்டியில் திரும்பிப் போயிருக்கிறது.