வெளிச்சத்துக்குப் பிறகு வராத சத்தம்

மாலை ஏழு இருபதுக்கு எங்கள் முற்றம் பச்சை கலந்த வெள்ளையாக வெளித்தது. கொடியில் கிடந்த உடுப்புகளின் நிழல்கள் மண்ணில் நகர்ந்தன. அந்த நகர்வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போர்க்காலத்தில் பரசூட்டில் கட்டிவிடும் பரா வெளிச்சம் வானத்தில் தொங்கி இறங்கும்போது நிழல்கள் அப்படித்தான் நகரும். முதலில் வெளிச்சம் வரும், பிறகு ஷெல் வரும்.

மகள் குளக்கட்டில் தனியே நின்றாள். பள்ளிக்கூடத்துப் பைனாகுலரில் வியாழனையும் அதன் நான்கு நிலவுகளையும் பார்த்துப் படம் கீற வேண்டுமாம். அந்தக் கிழமை எரிகற்களும் விழும் என்று சொல்லியிருந்தாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"கெதியா வந்திடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னதற்கு, "வியாழனுக்கே போறன் அம்மா? எங்கட குளக்கட்டுக்குத்தானே" என்று சிரித்துக்கொண்டு போனவள்.

வரம்பால் ஓடினேன். பாதி வழியில் வானத்தில் இன்னொரு கோடு இழுபட்டது. அவளிடம் போக வேண்டிய கால்கள் என்னை வாய்க்காலுக்குள் இறக்கின. சேற்றில் குப்புறக் கிடந்து காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்தேன். சின்ன வயதில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள். சத்தம் வரவில்லை. வராததால் எழும்பவும் முடியவில்லை. பிள்ளை மறைப்பில்லாத வெட்டையில் நிற்கிறாள் என்று தெரிந்தும் முடியவில்லை.

வரம்பில் ஒரு சைக்கிள் நின்றது. பக்கத்து வயல்காரர்.

"என்ன அக்கா, மீன் பிடிக்கிறியளோ?"

"லைற்றை நூருங்கோ" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு பகிடி விடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு இறங்கி என் பக்கத்தில் குந்தினார்.

"நானும் இப்பிடி விழுந்து படுக்கப் பாத்தனான்" என்றார் மெதுவாக.

"பிள்ளை குளக்கட்டில நிக்கிறாள்."

"கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். ஆனால் அவரும் எழும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு வெளிச்சமொன்று ஆடி ஆடி எங்களை நோக்கி வந்தது. நான் மறுபடி காதைப் பொத்தினேன். மகள்தான். இருட்டுக்குப் பழகிய கண் கூசாதிருக்க ரோச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றியிருந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் சேற்றுக்குள் இறங்கி, என் கைகளைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அது எரிகல் அம்மா. தேசிக்காய் அளவுகூட இராது. மேலேயே எரிஞ்சு முடிஞ்சுது. இனி ஒரு சத்தமும் வராது. எழும்புங்கோ, வீட்டை போவம்."